வெர்னியர் வைத்த சிவப்புப் புள்ளிகள்

உலகத்திலேயே கரப்பான்பூச்சியைக் கண்டதும் செருப்பைத் தேடாமல் அளவுகருவியைத் தேடிய மனிதர் ஒருவர்தான். அவர் ஆவடியில், எங்கள் குவார்ட்டர்ஸில், என் எதிர்வீட்டில் இருந்தார். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. சட்டைப்பையில் எப்போதும் வெர்னியர் காலிப்பர் இருக்கும். பெயரும் வெர்னியர் என்றே ஆகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில், கப்பலில் வேலை பார்த்த அவர் மைத்துனர் ஒரு பிஸ்கட் டின் நிறைய மடகாஸ்கர் கரப்பான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டைவிரல் நீளம், இறக்கை கிடையாது, தொட்டால் குக்கர் போலச் சீறும். வெர்னியர் சொக்கிப்போனார். மீன்தொட்டியில் குடிவைத்துக் கேரட் அரிந்து போட்டார்.

“நான் என் ஊட்டு கரப்பானுக்கு மருந்து அடிச்சிகினு கீறேன், இந்தாளு சீமக் கரப்பானுக்குக் கேரட் அரியறாரு. பொண்டாட்டிக்கு ஒரு வெங்காயம் அரிஞ்சிருப்பாரா?” என்றார் பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா.

வெர்னியர் காதில் அது விழவில்லை. ஒன்றை ஏந்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

“டின்னுல வந்தது ரெண்டு ஜாதி சார். தலைக்கு மேல கேடயம் கீது பாரு, முன்விளிம்பு நேரா கீது. இன்னொரு ஜாதிக்கு அங்க ஒரு வெட்டு, உடம்புல வெள்ளப் பட்டை. ரெண்டும் சேந்தா கலப்பு. குட்டியில கண்டே புடிக்க முடியாது. அம்மா அப்பா யாருன்னு தெரிஞ்சாதான் உண்டு.”

நேர்விளிம்புத் தாய்கள் இரண்டு. ஒருத்தி சொந்த ஜாதியில் சேர்ந்தாள். மற்றவள் பட்டைக்காரனோடு சேர்ந்ததை அவரே கண்ணால் பார்த்திருந்தார். அவள் ஈன்ற குட்டிகளின் முதுகில், தொழிற்சாலையில் கழித்த உருப்படிக்கு வைப்பதுபோலச் சிவப்புப் பெயின்ட் புள்ளி வைத்தார். எல்லாம் ஒரே தொட்டி. மழைக்காலத்தில் பெரியவை எல்லாம் மண்டையைப் போட்டன.

பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியை ஒருவர் கேள்விப்பட்டு, வளர்க்கச் சுத்தமான குட்டிகள் இரண்டு கேட்டார். கலப்பில்லாதவை என்று கையெழுத்திட்டுத் தருவதாக வெர்னியர் வாக்குக் கொடுத்தார். “இருபது வருசமா நான் பாஸ் போட்ட பீஸ் ஒண்ணு திரும்பி வந்ததில்ல சார்” என்று தெருவெல்லாம் சொன்னார்.

இடையில் ஒரு மாதம் வெர்னியருக்கு ஓவர்டைம், தொட்டியைப் பார்க்க நேரமில்லை. பேராசிரியை வரவேண்டிய சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு (என் நாட்குறிப்பில் இருக்கிறது) வெர்னியர் குரல் கேட்டது.

“சார், மோசம் போய்ட்டேன்.”

தொட்டியில் ஒரு குட்டியின் முதுகிலும் சிவப்பு இல்லை. மூலையில் சிவப்புப் புள்ளியோடு வெறும் தோல்கள் கிடந்தன. ஒரு குட்டி அதையும் தின்றுகொண்டிருந்தது. கரப்பான் தோல் உரிக்கும். இருபது வருடம் அவர் கையில் புரண்ட இரும்பு எதுவும் உரித்ததில்லை.

மாலை வரை லென்ஸும் வெர்னியருமாக அளந்து தள்ளினார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நாலரைக்குப் பேராசிரியை அட்டைப்பெட்டியோடு வந்தார்.

“எல்லாமே நல்லாத்தானே இருக்கு சார். ரெண்டு குடுங்க, போதும்.”

“எது சுத்தம்னு எனக்கே தெரியல மேடம்.”

“பாக்கறவங்களுக்குத் தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மேடம். கையெழுத்து போடமாட்டேன்.”

காபி குடித்துவிட்டு அவர் வெறும் பெட்டியோடு போனார். வெர்னியர் தொட்டியின் முன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பூச்சி என்றால் உயிர் போகும். அதுவரை அவர் வீட்டு வாசற்படியை நான் தாண்டியதே இல்லை. அன்று உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். அவர் ஒரு குட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். எந்த ஜாதி என்று நான் கேட்கவில்லை.