சால்னாவுக்குச் சால்னா கூடாது

நாய் புரோட்டா தின்னக் கூடாது என்று மதுரையில் சட்டம் போட்ட ஒரே மனிதர் ஒரு புரோட்டா மாஸ்டர்தான். பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனைக் கடை அவருடையது. பெயர் யாருக்கும் தெரியாது. மாஸ்டர், அவ்வளவுதான்.

அவர் நாயின் பெயர் சால்னா. குட்டியிலிருந்தே சால்னாவில் ஊறிய புரோட்டா தின்று வளர்ந்ததால் வந்த பெயர். கப்பலூர் கம்பெனியில் வேலை கிடைத்து நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது, அது நான்கு கால் முளைத்த மாவு மூட்டையாக இருந்தது. கடையின் ஒற்றைப் படியில் ஏற முடியாமல் பின்னங்கால் நடுங்க நிற்கும். எடை குறையாவிட்டால் சீக்கிரமே எழுந்து நிற்கக்கூட முடியாது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். மைதா கூடாது, உப்பு, காரம் கூடாது, வெங்காயம் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி, முட்டை, கேரட், அளவாகச் சோறு. அதெல்லாம் சரிதானா என்று மாஸ்டர் படித்தவனான என்னிடம் கேட்டார். நான் படித்தது மெக்கானிக்கல். இருந்தாலும் தலையாட்டினேன்.

அன்றே புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் சால்னாவுக்கென்று தனி அடுப்பு வந்தது. கடைசித் துண்டைக் குழம்பில் முக்கி நாய்க்குப் போடுவது மதுரைக்காரர்களின் பழக்கம். யார் கை மேஜைக்குக் கீழே இறங்கினாலும் மாஸ்டரின் தோசைக்கரண்டி மேலே எழும்பும்.

"அண்ணே, போடாதீங்க. மைதா ஒடம்புக்கு ஆகாது."

"அப்ப எங்களுக்கு மட்டும் போடுறீங்க?"

"நீங்க மனுசங்க. சொன்னா கேக்கவா போறீங்க?"

தேய்பிறை அஷ்டமியன்று பைரவருக்கு வேண்டிக்கொண்ட ஒருவர் நாய்க்குப் போட பிஸ்கட்டோடு வந்தார். மாஸ்டர் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு அவர் கையில் வெந்த கேரட்டைத் திணித்தார். பைரவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று உத்தரவாதமும் கொடுத்தார். வந்தவர் முகத்தைப் பார்த்தால் கஷ்டம் தீர்ந்தவர் மாதிரி தெரியவில்லை.

இவ்வளவுக்கும் சால்னா இளைக்கவில்லை. மாஸ்டருக்குத் தெருவில் எல்லார் மேலும் சந்தேகம். பன் போடுகிறார் என்று பக்கத்து டீக்கடைக்காரரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஒரு விடுமுறை நாளில், கடை திறக்கும்போதே போய் உட்கார்ந்தேன். கல் காய்ந்தது. முதலில் வேகும் இரண்டு புரோட்டாவை விற்றால் வியாபாரம் படுத்துவிடும் என்பது மாஸ்டரின் நம்பிக்கை. டீக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் வீசினார். இரண்டும் தரையைத் தொடவில்லை. சால்னாவுக்குப் பழக்கம்.

"அண்ணே, இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்?"

சால்னா வாயை நக்கியது. மாஸ்டர் தன் கையை, யாருடையதோ போல வெகுநேரம் பார்த்தார். பிறகு நேராகப் போய், டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அதுதான் மன்னிப்பு.

மறுநாளிலிருந்து அந்த இரண்டையும் நான் வேலை முடிந்து வரும்வரை மூடி வைத்திருந்து என் இலையில் போட்டார். காசு வாங்கவில்லை. டாக்டர் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். சால்னா மெல்ல இளைத்து, ஒரு சாயங்காலம் அந்தப் படியில் தானாக ஏறி வந்து நின்றது. கல்லில் இருந்த அத்தனையும் கருகின. மாஸ்டர் கவனிக்கவே இல்லை.

போன மாதம் ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினேன். இத்தனை நாளும் அந்த இரண்டையும் யாருக்குப் போட்டார் என்று கேட்டேன்.

"காக்காய்க்கு" என்றார். பிறகு கல்லைப் பார்த்தபடியே சொன்னார்: "கொத்திக்கிட்டுப் பறந்துருதுக மாப்ள. ஒன்னய மாதிரி ஒக்காந்து நாலு வார்த்த பேச மாட்டேங்குதுக."