வேல்வாக்கு சாமியும் வெள்ளி நாக்கும்

முருகன் கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த மலை திருத்தணி. அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் அமர்க்களப்படும் சூரசம்ஹாரம்கூட இங்கே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், அந்த முருகன் பெயரிலேயே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

குழுவின் பெயர் ‘தணிகை அன்பு அடியார்கள்’. அன்பு பெயரோடு சரி.

சண்டை எதற்கு? மலைக்குப் படியேறிப் போனால்தான் பலனா, சாலை வழியாக வண்டியில் போனாலும் பலன் உண்டா? இதுதான் பிரச்சினை. படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. ஏறுகிறவர்கள் ஒரு கட்சி, வண்டியில் போகிறவர்கள் ஒரு கட்சி. ‘சொகுசு பக்தர்களே’ என்று இவர்கள் ஆரம்பிப்பார்கள். ‘படிக்கட்டுப் பயில்வான்களே’ என்று அவர்கள் முடிப்பார்கள். எந்த வழியில் வந்தாலும் மேலே போய் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

சண்டை வளர வளர, ஊரில் ஒரு மனிதரும் வளர்ந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே குடை விரித்து சிம் கார்டு விற்றுக்கொண்டிருந்த வீரபத்திரன். ஒரு நாள் குடையை மடக்கினார், தாடியை விட்டார், மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லை வாடகைக்குப் பிடித்து நடுவில் ஒரு வேலை நட்டார். வேல்வாக்கு சாமி ஆகிவிட்டார்.

அவர் கண்டுபிடிப்பு எளிமையானது. “முருகன் இங்க கோவத்தைத் தணிச்சாரு. சரி. தணிஞ்ச கோவம் எங்க போச்சு? காத்துல கரையுமா? மலையடிவாரத்துலயே தேங்கி நிக்கிது. இப்ப டவர் வழியா ஏறி உங்க போன்ல எறங்குது!”

கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்க்காதா பின்னே? ‘நான் திட்டவில்லை, எனக்குள் இறங்கிய கோபம் திட்டியது’ என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது!

பரிகாரமும் சாமியிடமே இருந்தது. கண் நோய் தீர வெள்ளியில் கண் செய்து கோயிலுக்குப் போடுகிற வழக்கம் உண்டல்லவா? அதேபோல நாக்கு தோஷம் தீர வெள்ளியில் நாக்கு. தகட்டில் வெட்டிய குட்டி நாக்கு. அதையும் சாமியிடமே வாங்கி, சாமியின் தட்டிலேயே போட வேண்டும். சண்டை விரலால்தானே நடக்கிறது, வெள்ளி விரல் அல்லவா போட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸிலும் நகரி ஷேர் ஆட்டோவிலும் கூட்டம் வந்து இறங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் மில் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

சாமி முன்கூட்டியே நேரமும் சொல்வார். “இன்னிக்கி சாயங்காலம் ஆறு மணிக்கு கோவம் எறங்கும், பாரு.” ஆறு மணிக்குச் சரியாகக் குழுவில் கோமளவல்லி என்கிற அம்மாள் தோன்றுவார். முகப்புப் படத்தில் ஒரு ரோஜாப்பூ. அவர் படிக் கட்சியா, வண்டிக் கட்சியா என்பது யாருக்கும் தெரியாது. எந்தக் கட்சி அடங்கிப்போகிறதோ அந்தக் கட்சி. ஒரே ஒரு வரி போடுவார். பிறகு குழு பற்றி எரியும். சாமி சொன்னது பலித்துவிடும்.

இந்தத் தீ ஒரு கல்யாணத்தில் வந்து பிடித்தது.

கே.ஜி.கண்டிகையில் நெல் விவசாயம் பார்க்கும் தணிகாசலத்தின் மகள் தமிழ்செல்வி. திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் பூபாலனின் மகன் ஆனந்தனோடு தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. நிச்சயத்தன்று இரண்டு அப்பாக்களும் ஒரே இலையிலிருந்து வடையைப் பிட்டுத் தின்றார்கள். இருவரையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டதுதான் ஆனந்தன் செய்த ஒரே தப்பு. தணிகாசலம் கிருத்திகை தவறாமல் படியேறுகிறவர். பூபாலனுக்கு முட்டி வலி, வேனில் போகிறவர்.

“இங்க வா செல்வி, இத்த பாரு!” ஒரு காலையில் தணிகாசலம் கத்தினார். “உன் மாமனாரு சிரிச்சிகினு கீறாரு!”

“சிரிச்சா நல்லதுதானே, நைனா?”

“கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிப்பு போட்டுகிறாரும்மா! ‘படியேறுறவன் வீட்டுக்கு வந்ததும் பொண்டாட்டிய காலமுக்கச் சொல்றான்’னு அந்தக் கோமளவல்லி போட்டுது. அதுக்குக் கீழ மூணு சிரிப்பு! ஒண்ணு பத்தாதா?”

அம்மா சின்னம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “பொய்யாவா போட்டுது? நேத்து நான்தானே அமுக்குனேன்.”

தணிகாசலம் பதிலுக்கு, ‘முட்டி வலின்னு நடிக்கிறவனுக்கு முருகன் எதுக்கு, முட்டிக்குத் தைலம் போதும்’ என்று எழுதினார். பூபாலன் கட்டைவிரலைத் தலைகீழாகப் போட்டார். மூன்றாம் நாள் பேச்சுவார்த்தை நின்றது. தனித்தனியாக இருவரும் வேல்வாக்கு சாமியிடம் போனார்கள். சாமி கண்ணை மூடித் திறந்து இருவருக்கும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்: வீட்டுக்கு இருபத்தேழு நாக்கு போட்டு முடிக்கும்வரை கல்யாணப் பேச்சே கூடாது. மீறினால் தாலி தங்காது.

சின்னம்மாளின் கால் கொலுசு ஆறு நாக்காக மாறிவிட்டது. அடுத்து, கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்த மெட்டியை அப்பா பீரோவிலிருந்து எடுத்ததைத் தமிழ்செல்வி பார்த்தாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பரிசோதனை நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஆனந்தனைப் பிடித்தாள்.

“பாவா, உங்கப்பா இன்னா சொல்றாரு?”

“அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்றாரு. எங்க மாமா பையன்கிட்ட வேற பொண்ணு பாக்கச் சொன்னாராம். நான் சோறு துன்னாம கீறேன் செல்வி.”

“சட்டையில இன்னா, சாம்பார் கறையா?”

“அது... காலையில துன்னது.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “கோவம் போன்ல எறங்குதுன்னு அந்த ஆளு சொல்றான்ல? ஒருத்தர் மூஞ்சைப் பாத்து, உனக்கு சக்கரை கீதுன்னு நாங்க சொல்றதில்ல. ரத்தம் எடுத்துப் பாத்துதான் சொல்வோம். இதையும் எடுத்துப் பாத்துடலாம். உன் லேப்டாப்பை எடுத்துகினு வா.”

அடுத்த செவ்வாய்க்கிழமை, மில் நிறைந்த கூட்டத்தில் தமிழ்செல்வி எழுந்து நின்றாள். கையைக் கூப்பிக்கொண்டுதான் கேட்டாள்.

“சாமி, ஒரு சந்தேகங்க. கோவம் மனுசங்க மேல எறங்குதா, போன் மேல எறங்குதாங்க?”

“போன் மேலதாம்மா. மனுசன் பாவம், வெறும் கருவி.”

“அப்ப, எல்லாப் போனையும் ஒரு கூடையில போட்டு, யாரும் தொடாம வெச்சாலும் சண்டை நடக்குங்களா?”

சாமி ஒரு கணம் யோசித்தார். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொன்னால் கடை மூட வேண்டியதுதான். “ஆங்! நடக்கும்! வர்ற கிருத்திகை, சாயங்காலம் ஆறு மணி. குழுவுல கீறவங்க எல்லாரும் வாங்க. போனுங்க தானா சண்டை போடுறத கண்ணால பாருங்க!”

ஊரே பேசியது. கிருத்திகையன்று மலைக்குப் போன கூட்டத்தைவிட மில்லுக்கு வந்த கூட்டம் பெரிது. படிக் கட்சி இடப்பக்கம், வண்டிக் கட்சி வலப்பக்கம். நேரில் உட்கார்ந்தபோது ஒருத்தரும் ஒருத்தரையும் திட்டவில்லை. “கொஞ்சம் நவுந்துக்குங்க”, “குழந்தைக்கு விசிறுங்க” என்று அவ்வளவு மரியாதை. தமிழ்செல்வி இதையும் கவனித்துக்கொண்டாள்.

நெல் அள்ளுகிற பெரிய மூங்கில் கூடை வந்தது. போன்கள் விழுந்தன. சாமியும் தன் போனை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டிவிட்டுக் கூடையில் போட்டார். ஆனந்தன் தன் லேப்டாப்பில் குழுவைத் திறந்து, சாமியின் பெரிய டிவியில் இணைத்தான். எல்லாரும் பார்க்க வேண்டுமல்லவா?

ஆறு மணி. மணி அடித்தது. “வேலுக்கு அலங்காரம்!” என்று சொல்லி சாமி திரையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனார். கோயிலில் திரை போட்டால் பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு காத்திருப்பார்களே தவிர, எட்டிப் பார்க்க மாட்டார்கள். சாமிக்கு அந்த வழக்கம்தான் முதலீடு.

டிவியில் பச்சை எழுத்து முளைத்தது. ‘கோமளவல்லி டைப் செய்கிறார்...’

“ஐயோ! முருகா! போனுங்க கூடையில கீது, எழுத்து வருது பாருங்க!” கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. செய்தி விழுந்தது. ‘தணிகாசலம் படியேறுவது பக்திக்கு அல்ல. தொப்பை கரைய.’

வண்டிக் கட்சிப் பக்கம் கிளுக்கென்று ஒரு சிரிப்பு. தணிகாசலம் கோபமாக எழுந்தார். கை தானாக மடியைத் தேடியது. போன் இல்லை. பதில் எழுத வழியில்லாமல் அப்படியே நின்றார்.

“கோமளவல்லி அம்மா வந்துகிறீங்களா?” என்று தமிழ்செல்வி கேட்டாள். யாரும் எழவில்லை.

திரை விலகியது. சாமி கற்பூரத் தட்டோடு வெளியே வந்தார். டிவியில் எழுத்து நின்றது.

“நம்ப முடியல சாமி! இன்னொரு தடவை காட்டுங்க!” என்றாள் தமிழ்செல்வி. கூட்டமும் கேட்டது. சாமிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. உள்ளே போனார், திரை மூடியது. ‘கோமளவல்லி டைப் செய்கிறார்...’ தட்டோடு வெளியே வந்தார். நின்றது. பூ எடுக்க உள்ளே போனார். ‘டைப் செய்கிறார்...’

முதலில் புரிந்துகொண்டவர் பூபாலன். நாற்பது வருடம் தறியைப் பார்த்த கண்.

“இன்னாபா இது!” என்றார். “தறி மாதிரி, கயித்த இழுத்தா நாடா ஓடுது, விட்டா நின்னுடுது. கயிறு எங்கடா கீது?”

எழுந்தார். முட்டி வலி நிஜம்தான், முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். அந்தத் திரையே அவர் தறியில் நெய்து காணிக்கையாகக் கொடுத்தது. ஒரே இழுப்பு.

உள்ளே வேல்வாக்கு சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் இன்னொரு போன். ஒற்றை விரலால் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தவர், தன்மேல் வெளிச்சம் விழுந்ததும் தலையை நிமிர்த்தினார். பூபாலன் போனைப் பிடுங்கிப் பாதி செய்தியை உரக்கப் படித்தார். “ ‘பூபாலனுக்கு முட்டி வலி எல்லாம் வேசம், செலவுக்கு பயந்து...’ அடப்பாவி! போன மாசம்கூட உன் கால்ல விழுந்தேனேடா! எழுந்திரிக்க முடியாம நீதானடா தூக்கி விட்ட!”

“அது... அந்த அம்மாவோட ஆன்மா என் விரல்ல எறங்கிச்சு!” என்றார் சாமி.

“ஆன்மாவுக்கு எதுக்குடா சிம் கார்டு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சின்னம்மாள் யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்து, மூலையிலிருந்த தாம்பாளத்தைத் தூக்கிவந்தாள். தட்டு நிறைய நாக்கு. போன வாரம் ஒருவர் போட்டது, இந்த வாரம் இன்னொருவர் வாங்குவதற்குத் தயாராக இருந்தது. “என் கொலுசு எதுய்யா இதுல?” என்றாள். சாமி பின் கதவைப் பார்த்தார். அங்கே நகரியிலிருந்து வந்த நாலு பெண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

போலீஸ் வந்து வீரபத்திரனை ஏற்றிக்கொண்டு போனது. வண்டியில்தான். படியேற விடவில்லை.

கூட்டம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. “எல்லாம் அவனாலதான். நாமெல்லாம் எவ்ளோ ஒத்துமையா இருந்தோம்!”

“ஒரு நிமிசங்க,” என்றாள் தமிழ்செல்வி. டிவியில் குழுவை மேலே தள்ளிக் காட்டினாள். “மூணு மாசமா பாத்தேன். கோமளவல்லி ஒரு நாளைக்கி ஒரு வரிதான் போட்டுகிது. மீதி நூறு வரி யாரு போட்டது? அவன் குச்சி கிழிச்சான், நெசம்தான். மண்ணெண்ணெய் நம்ம வூட்டுதுங்க.”

இன்னும் மேலே தள்ளிக்கொண்டே போனாள். டிவியில் ‘தைலம் போதும்’ என்ற வரி வந்து நின்றது. தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“அத்த தாண்டிப் போம்மா,” என்றார் மெதுவாக. பிறகு எதிர்ப்பக்கம் பார்த்து, “எல்லார விட நாந்தான் பெரிய பக்தன்னு காட்டணும்னு ஒரு வெறி, சம்மந்தி. மூஞ்சி தெரியாததால கை துணிஞ்சிடுச்சி. உங்க எதிர்ல உக்காந்து அப்டி சொல்லுவனா?”

“மூணு சிரிப்பு போட்டவன்தானே நானும்,” என்றார் பூபாலன். “ஒண்ணே போதும்தான் சம்மந்தி. வெரல் நிக்கல.”

தணிகாசலம் வண்டிக் கட்சிப் பக்கம் வந்து, பூபாலனின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “முட்டி ரொம்ப வலிக்குதா?”

“வலிக்கிது. தைலம் இருந்தா குடுங்க.”

இருவரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு, இந்த முறை நிஜமாகவே. மெட்டி பீரோவுக்குத் திரும்பியது. ஆனந்தன் அன்றிரவே சாப்பிட ஆரம்பித்ததாக எல்லாரிடமும் சொன்னான். தமிழ்செல்வி மட்டும் அவன் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை குழுவில் புதிய சண்டை: வீரபத்திரன் திருடன் என்று முதலில் கண்டுபிடித்தது படிக் கட்சியா, வண்டிக் கட்சியா? ஒன்பது மணிக்குள் எண்பது செய்திகள். கோமளவல்லி இல்லாமலேயே.

தமிழ்செல்வி ஒரு முறை மட்டும் எழுதினாள். பிறகு போனை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

‘வெள்ளியில் நாக்கு செய்து விற்றான், வாங்கினீர்கள். அடுத்து எவனாவது வெள்ளியில் மூளை செய்து விற்க வருவான். அதற்கு முன்னால், மண்டைக்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள். அது இலவசம்.’