நான் சேர்த்த மூன்று வரிகள்

சனிக்கிழமை காலை மணி பத்து நாற்பது. என் மகள் நிவேதா குளிக்கப் போனாள். நான் அவள் மடிக்கணினியைத் தொட்டேன். (தொட்டேன் என்றுதான் சொல்கிறேன். வருந்துகிறேன் என்று சொல்லவில்லை.)

ஒரு மணிக்கு அவளும் அவள் தோழி ஜெனிஃபரும் பாலிடெக்னிக்கில் தங்கள் கடைசி ஆண்டுச் செயலியை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் மதிப்பெண் இல்லை.

"ரன் மட்டும் பண்ணுங்கம்மா. வேற எதையும் தொடாதீங்க, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள்.

யாரிடம் சொல்கிறாள்? சாங்கியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் பல வருடங்களாக எனக்கு இதுதான் பிழைப்பு. எந்த வேலைக்கு முன்னால் எந்த வேலை முடிய வேண்டும் என்று கணினிக்கு எழுதிவைப்பதுதான் பில்ட் ஸ்கிரிப்ட். அதில் ஒவ்வொரு வேலைக்கும் டார்கெட் என்று பெயர். அவள் எழுதியிருந்ததைத் திறந்து பார்த்தேன். செயலியைக் கட்டி முடிக்கும் 'பேக்கேஜ்' டார்கெட்டுக்கு முன்னால் சோதனையும் இல்லை, நகலும் இல்லை! குழந்தையை ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் ஏற்றியது போல இருந்தது எனக்கு.

முதலில் இரண்டே வரிகள் சேர்த்தேன். பேக்கேஜுக்கு முன் டெஸ்ட். டெஸ்டுக்கு முன் பேக்கப். ஓட்டினேன். 'பேக்கப் என்று ஒரு டார்கெட்டே இல்லை' என்றது கணினி. (அலுவலகத்தில் இருக்கிறதே என்ற நினைப்பு.) சரி, அதையும் எழுதினேன். முடிந்த செயலியைத்தானே நகலெடுக்க வேண்டும்? ஆகவே மூன்றாவது வரி: பேக்கப்புக்கு முன் பேக்கேஜ்.

'வட்டமாகச் சுற்றுகிறது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றன. எதுவும் நகரவில்லை.

சேர்த்ததை எடுத்துவிட்டால் போயிற்று என்பீர்கள். எதை எடுப்பது? மூன்றும் நியாயமான வரிகள்! அதனால், எந்தக் கோளாறுக்கும் நான் செய்யும் முதல் வைத்தியத்தைச் செய்தேன்: 'கிளீன்'. பழைய மிச்சங்களையெல்லாம் துடைத்துவிடும். முந்தைய நாள் நிவேதா ஓட்டிப் பார்த்து வைத்திருந்த நல்ல செயலியும் அந்த மிச்சங்களில்தான் இருந்தது. அதற்கு நகல் எடுத்தேனா? எப்படி எடுப்பது? நகலெடுக்கும் வரிதான் ஓடவில்லையே!

தலையில் துண்டோடு வந்தவள் திரையைப் பார்த்தாள்.

"ம்மா... தொட்டீங்களா?"

"சேஃப்டிக்காகத்தான்..."

"சேஃப்டியா? நேத்து ஓடுன செயலி எங்கம்மா?"

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஜெனிஃபர் அழைத்தாள். நிவேதா ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னாள். "ஆன்ட்டி, நான் கிளம்பவா, இல்ல அழவா?"

நான் மறுபடியும் ஸ்கிரிப்டைத் திறந்தேன்.

"மூணுல ஒண்ண எடுங்கம்மா."

"மூணுமே முக்கியம்டி."

"மூணும் முக்கியம்னு நின்னா எதுவுமே ஓடாது லா! ஏதாச்சும் ஒண்ணு மத்ததுக்காக வெயிட் பண்ணாம முதல்ல போகணும்."

பேக்கப்புக்கு முன் பேக்கேஜ் என்ற வரியை நானே அழித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஓடியது; செயலி மறுபடியும் தயாரானது. மடிக்கணினியைப் பறித்துக்கொண்டு, ஈரத் தலையோடு லிஃப்டுக்கு ஓடினாள் நிவேதா. "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு!" என்று எங்கள் ஆங் மோ கியோ வட்டாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். அந்த ஸ்கிரிப்டில் டெஸ்ட் வரி இன்னும் இருக்கிறது. அது என்னுடையது. யாரும் தொடக் கூடாது.

ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. யார் வெளியே கிளம்பினாலும் அன்று என் கணவர் சொன்னதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். தேக்கா சந்தையிலிருந்து பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தவர், வாசலிலேயே நின்று முழுக் கதையையும் கேட்டார். செருப்பைக் கழற்றியபடி சொன்னார்:

"நல்லவேள. போய்ச் சேந்துட்டேன்னு மெசேஜ் வந்தாத்தான் கதவையே திறப்பேன்னு சொல்லாம விட்டியே!"