பிரேக் இன்ஸ்பெக்டருக்கு வயது பதினேழு

கோயமுத்தூரிலேயே சாலை விதிகளை ஒன்று விடாமல் மதித்த ஆள் ஒருவன்தான். அவனிடம் லைசென்ஸ் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்து வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரம்மா ரவிக்கை தைத்துப் பிழைப்பு நடத்தி வந்தார். அவருக்கு ஒரே மகன், பிளஸ் டூ படிக்கிறவன். தெருவே அவனை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிட்டது. சில நாள் பெற்ற தாயே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார்.

சைக்கிளில் வருவான். சந்தில் ஈ காக்கை இருக்காது. ஆனாலும் சொந்த வீட்டு கேட்டுக்குள் திரும்ப வலது கையை நீட்டிச் சிக்னல் காட்டுவான். ஒருமுறை உக்கடம் பக்கம் கல்யாண ஊர்வலத்தை மறித்து, "ஏனுங்க, நம்பர் பிளேட்டைப் பூ மறைக்குதுங்க, கொஞ்சம் ஒதுக்கி உடுங்க" என்று மாப்பிள்ளை காரை நிறுத்திவிட்டான். பெண்ணின் தாய்மாமன் துரத்திக்கொண்டு வந்தார். இவன் ஓடிய ஓட்டத்திலும் சாலையின் இடது ஓரமாகவே ஓடியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

என் பைக்கைத் தினமும் காலையில் துடைத்து வைப்பான். மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினான். ஆனால் மைதானத்து வாசல் வந்ததும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான்.

"வீடு வரைக்கும் ஓட்டீட்டுத்தான் வாயேன்டா" என்பேன்.

"கிரவுண்டு வேற, ரோடு வேறங்ணா. எல்.எல்.ஆர். போட இன்னும் எட்டு மாசம் கெடக்குதுங்க" என்பான்.

எங்களுக்கு ஒரு பைக் கோஷ்டி இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வண்டிகளில் எங்காவது கிளம்புவோம். லேத் பட்டறை வைத்திருந்த பழனிசாமி அண்ணன்தான் தலைவர். ஒரு மாதம் அமராவதி அணைக்குப் போவதாக முடிவானதும் பையனையும் கூட்டிப் போகலாமே என்றேன். அண்ணன் ஒப்பவில்லை.

"லைசென்ஸ் இல்லாத பசங்களை இதுக்கெல்லாம் சேக்கக் கூடாதுங்க. இன்னைக்குப் பின்னால உக்காருவான், நாளைக்கு முன்னால உக்காரோணும்பான்."

பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான். "அண்ணன் சொல்றது ஞாயந்தானுங்க" என்று தனக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்டான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்து வருவதற்கு எதற்கையா லைசென்ஸ் என்று மல்லுக்கு நின்று ஜெயித்தேன்.

கிளம்பும்போது அவன் அம்மா கேட் வரை வந்தார். "உங்களை நம்பித்தான் தம்பி அனுப்பறேன். அவங்கையில மட்டும் வண்டியக் குடுத்துராதீங்க."

"நானிருக்கறேன், பயப்படாதீங்கம்மா" என்றேன்.

போகிற வழியெல்லாம் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டான். என் தோளுக்குப் பின்னாலிருந்து எல்லாத் திருப்பத்துக்கும் கை காட்டினான். இரண்டு வண்டி ஜோடியாகப் போனால் விசில் அடித்தான். அணையை வந்து சேர்ந்தபோது பழனிசாமி அண்ணனே, "அடுத்த மாசமும் இவனைக் கூட்டியாந்துருங்க, நமக்கெல்லாம் ஒழுக்கம் பத்தாது" என்று சொல்லிவிட்டார்.

திரும்பும்போது மற்றவர்கள் நேராகப் போய்விட்டார்கள். உடுமலைப்பேட்டையில் என் அக்கா வீடு இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் அங்கே சாப்பிடப் போனோம். எங்கள் பக்கத்து விருந்தோம்பலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போதும் என்று கையால் இலையை மறித்தால் விரல் சந்தில் குழம்பு ஊற்றுவார்கள். "ஏஞ்சாமி, உனக்குன்னு கோழி அடிச்சிருக்கறேன், ரெண்டு வாய் தின்னுபோட்டு எந்திரிச்சா எப்படி?" என்று அக்கா மூன்று முறை சோறு போட்டார்.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் எனக்குக் கண் சொருகியது. வண்டியை நிறுத்தினேன்.

"புளியமரத்தடியில அரை மணி நேரம் படுங்ணா. நான் முழிச்சிருக்கறேன்" என்றான்.

படுத்திருக்கலாம். ஆனால் தாமதமாகப் போனால் கோஷ்டி கிண்டலடிக்கும் என்று எனக்கு ரோஷம். சாவியை அவன் கையில் வைத்து, "பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டு" என்றேன்.

"லைசென்ஸ் இல்லீங்ணா."

"எவன்டா கேக்கப் போறான்?"

"அம்மாகிட்டச் சொல்லியிருக்கறமுங்க."

"பயமா இருந்தாப் பயம்னு சொல்லு. சட்டம் பேசாத."

அந்தக் கடைசிப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது. பதினேழு வயதுப் பையனிடம் பேசக் கூடாத பேச்சு அது. அவன் முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

முப்பதுக்கு மேல் போகவில்லை. ஓரமாகத்தான் ஓட்டினான். தோப்புக்குள்ளிருந்து தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று திடீரென்று குறுக்கே ஏறியது. சட்டென்று பிரேக் போட்டான். ரோட்டில் கிடந்த மண்ணில் சக்கரம் வழுக்கிவிட்டது. ரோட்டோரம் கிடந்த தென்னை மட்டைக் குவியல் என்னைத் தாங்கிக்கொண்டது. அவன் டிரெய்லரில் போய் மோதினான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு இருந்தது. அம்மா ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் கண்ணு வண்டி ஓட்டுனது?"

"நாந்தாம்மா. அண்ணன் வேண்டாம்னாரு. நாந்தான் சாவியப் புடுங்கிக்கிட்டேன்."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

இப்போதெல்லாம் பைக் கோஷ்டியில் இருக்கும் பிள்ளைகள், லைசென்ஸ் எடுக்காத சின்னப் பையன்களைக் கூட்டிப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். சின்னப் பையன்களை நம்பாமல் சொல்லவில்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் லட்சணம் எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

போன தை மாதம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். வருடத்துக்கு ஒருமுறை போவேன், காப்பி குடிப்பேன், சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிடுவேன். இந்தத் தடவை தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "அவன் புடுங்கலீங்கம்மா. நாந்தான் சாவியக் குடுத்தேன்."

அவர் தையல் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அது அன்னைக்கே தெரியுந் தம்பி. லைசென்ஸ் இல்லாம எம் பையனாவது சாவியப் புடுங்கறதாவது. உங்களைக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு அவன் நெனச்சான். அவன் பேச்சை நான் மீற வேண்டாம்னு இருந்துட்டேன்."

அவன் தன் ஆயுளில் சொன்ன ஒரே பொய் அது. அதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, என் தம்பிக்கு.