ஆம்போவும் இஸ்கோவும் மேலே வராத கல்யாணம்

மதிப்பிற்குரிய கொன்சிங் அண்ணிக்கு,

அனிலாவோவிலிருந்து ரெமி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். முழங்கால் வலியால் என் மகள் லிவாயின் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லையே என்று அழுதேன். இப்போது சொல்கிறேன், நீங்கள் பிழைத்தீர்கள்.

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர் ஆம்போவும் பக்கத்து வீட்டு இஸ்கோவும் இருபது வருடமாக வெளியூர்க்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறவர்கள். அது பிழைப்பு. ஆளுக்கொரு சிலிண்டர் காற்றோடு இறங்கி, யார் அதிக நேரம் கீழே இருப்பது என்பது இவர்களுடைய பந்தயம். கட்டைவிரலைத் தூக்கி, மேலே போகலாம் என்று முதலில் காட்டுகிறவன் தோற்றவன். ஆனால் ஜோடியாக இறங்கியவர்கள் ஜோடியாகத்தான் ஏற வேண்டும். கூட வந்தவனைக் கீழே விட்டுவிட்டு வருகிறவனோடு இந்த ஊரில் யாரும் மறுபடி இறங்க மாட்டார்கள். காற்றை மிச்சம் பிடித்துப் பழக, இந்த மனுஷன் ஒரு மாதமாக வீட்டிலும் மூச்சை அளந்துதான் விடுகிறார். நான் சண்டைக்குப் போனால், "காத்து வீணாகுது ரெமி" என்று வாயை மூடிக்கொள்கிறார். ஒரு மத்தியானம் தூங்கும்போது உயிர் இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன், அண்ணி.

கல்யாணம் ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்குப் பெண்ணின் அப்பாவும், ஞானத்தகப்பனாக நின்று கையெழுத்துப் போட வேண்டிய இஸ்கோவும், "ஒரு முங்கு முங்கிட்டு வந்துடறோம்" என்று போனார்கள். ஒன்பதரை ஆயிற்று, ஆளைக் காணோம். பாதிரியாருக்குப் பத்தரைக்கு வேறிடத்தில் ஞானஸ்நானம். மாப்பிள்ளை ஜோமார் வெளுத்துப்போய் நிற்கிறான். நான் புதுச் செருப்போடு படகில் ஏறிப் போய், கீழே சத்தம் கேட்டு மேலே வரட்டும் என்று, காலி சிலிண்டர் ஒன்றைத் தண்ணீரில் தொங்கவிட்டு அகப்பையால் அடி அடி என்று அடித்தேன். மூன்று ஆள் ஆழம்தான். இரண்டு பேரும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது மேலிருந்தே தெரிகிறது. குமிழி வருகிறது, மனுஷன் வரவில்லை.

"அண்ணன் ஜெயிச்சிடுவாருக்கா" என்கிறான் படகுக்காரன்.

"அவரு ஜெயிச்சா நான் விதவைடா" என்றேன்.

அதற்குள் இன்னொரு படகில் லிவாய் வந்து நிற்கிறாள். வெள்ளை கவுன், முதுகில் சிலிண்டர். "அம்மா, பூவைப் பிடி. நான் கூட்டிட்டு வரேன்." சொன்னவள் குதித்தே விட்டாள். என் அதிர்ச்சியை எப்படி எழுதுவேன்? மூன்று நிமிடத்தில் மூன்று தலை தெரிந்தது. உங்கள் தம்பியின் முகக்கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர். சொட்டச் சொட்ட மகளைக் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் நடத்தி வந்தார். "இந்தப் பொண்ணுக்கு நான் தண்ணி தெளிக்க வேண்டியதில்ல" என்று பாதிரியார் கால்மணியில் முடித்துவிட்டார்.

இரண்டரை மணி நேரம், அண்ணி! மகள் கல்யாணத்தைவிடப் பந்தயம் பெரிதாகப் போன மனுஷனோடு இனி என்னால் குடித்தனம் செய்ய முடியாது. உடனே வந்து உங்கள் தம்பியைக் காதைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

உங்கள் முழங்காலை மாதா கண் திறந்து பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
ரெமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது இஸ்கோ வந்தான். யாருடா ஜெயிச்சது என்று கேட்டேன். "நான் அம்பதாவது நிமிஷமே வெரலத் தூக்கிட்டேங்க்கா. அண்ணன் பாத்துட்டு, பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டாரு. எத்தன தடவதான் காட்டுறது? விட்டுட்டு வர முடியுமா?" என்று, தண்ணீருக்குள் எழுதிக் காட்டும் பலகையை என் கையில் கொடுத்தான். உங்கள் தம்பியின் கோணல் எழுத்து: "மேல போனா பொண்ணக் குடுக்கணும்டா. இன்னும் கொஞ்ச நேரம் இரு."

அண்ணி, நீங்கள் வர வேண்டாம். அவர் இங்கேயே இருக்கட்டும்.