உச்சிப் பேய்க்குக் கருவாட்டுக் குழம்பு

பேய்க்கு மீசை இருக்கக் கூடாது என்பதில் செல்லப்பாண்டி உறுதியாக இருந்தான். மொக்கையன் அதைவிட உறுதியாக இருந்தான்.

"அய்யனாருக்கு நேந்து விட்டதுலே. பொங்கல் வச்சு முடியாம கத்தி படக் கூடாது."

"பொம்பளப் பேயிலே இது."

"அப்பப் பொம்பளையவே கூப்புடு."

கூப்பிடாமல் இல்லை. பரளச்சியில் ஆறு வீடு ஏறி இறங்கினான். "பேயா நடிச்ச புள்ளைய எவன் கட்டுவான்?" என்று ஆறு வீட்டிலும் ஒரே கேள்வி. ஏழாவது வீடு மாமியார் வீடு. அந்த வாசலை மட்டும் தலையைக் குனிந்தபடி கடந்துவிட்டான். இரண்டு வருடமாக அப்படித்தான் கடக்கிறான். கடைசியில் அகப்பட்டவன் விறகை எரித்துக் கரிமூட்டம் போடும் மொக்கையன், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

கதை செல்லப்பாண்டியுடையது அல்ல. அவன் மனைவி சுகப்பிரியா எழுதியது. இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் நான்கே நாளில் செத்துப்போனவள், ஒரு கோடு போட்ட நோட்டை விட்டுப் போயிருந்தாள். உச்சிவெயிலில் மட்டும் நடமாடும் பேயின் கதை. "நம்மூருப் பேயி பகல் பன்னெண்டுக்குத்தான வரும்? படம் எடுக்க லைட்டே வேணாம்" என்பாள்.

நோட்டில் கடைசி ஆறு தாள் இல்லை. எலி தின்றிருக்கும். முடிவு என்ன என்று அவளிடம் அவன் கேட்டதில்லை. கேட்க நாள் கிடக்கிறது என்று நினைத்திருந்தான்.

சென்னையில் ஒரு தயாரிப்பாளர் நோட்டைப் புரட்டிவிட்டு, "பகல்ல பேயா தம்பி? ராத்திரிக்கு மாத்திட்டு வாங்க, ஒரு குத்துப் பாட்டும் வச்சிருங்க" என்றார். செல்லப்பாண்டி நோட்டை வாங்கிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் ஏறினான். மில்லில் லீவு போட்டான். கல்யாண வீடியோ எடுக்கும் அழகுராஜாவைக் கேமராவோடு கூட்டி வந்தான். அவள் கதையை அவள் எழுதியபடியே எடுப்பது. அவ்வளவுதான் அவனிடம் மிச்சமிருந்த ஆசை.

மீசைக்கு வழி கண்டான். மொக்கையன் தலையில் சவுரியை விரித்து முகத்தை மூடினான். வெள்ளைச் சேலை கட்டி நடக்க விட்டார்கள். வெயிலில் சேலையும் தெரியவில்லை, பேயும் தெரியவில்லை.

"வெள்ள ஆட்டுக்குட்டி போற மாதிரி இருக்கு" என்றான் அழகுராஜா. "கலரு வேணும்."

இரண்டு வருடமாகத் திறக்காத பீரோவைச் செல்லப்பாண்டி திறந்தான். அவளுடைய பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, மொக்கையன் கட்டி முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கருவேலங்காட்டுக்குள் பச்சைச் சேலை நடந்தது. எதிரே ஆடு மேய்த்துக்கொண்டு வந்த தங்கமாரி ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி: சுகப்பிரியா வந்துவிட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மாமியார் மாரிக்கனி தூக்குவாளியோடு காட்டுக்குள் வந்தாள்.

"ஐயோ, அத்தை!" செல்லப்பாண்டி அழகுராஜாவை இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்தான். அழகுராஜா கையில் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. மொக்கையனுக்கு ஓடத் தெரியவில்லை. சேலை தடுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மாரிக்கனி வாளியைப் பேயின் முன்னால் வைத்தாள்.

"சாப்புடு தாயி. வெயிலு தாழட்டும், அப்புறம் போகலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். செல்லப்பாண்டி வெளியே வந்தபோது வாளி காலி.

"ஏலே, தின்னுட்டியா?"

"கருவாட்டுக் குழம்புலே. குதிரைவாலிச் சோறு. நான் என்ன செய்ய?"

காலி வாளியை மாலையில் வந்து எடுத்துப்போன மாரிக்கனி, மறுநாள் அதைவிடப் பெரிய வாளியாகக் கொண்டு வந்தாள். அதே வார்த்தை. அதே கண்ணீர். புதருக்குள் அன்றும் கேமரா ஓடியது. செல்லப்பாண்டி எழப் பார்த்தான். எழுந்துபோய்ச் சொல்லிவிட வேண்டும். மகள் வந்ததாக நம்பி நிற்பவளிடம், வந்தது மொக்கையன் என்று எந்த வாயால் சொல்வது?

"எடத்த மாத்துவோம்" என்றான். நோட்டில் அடுத்து வருவது கண்மாய். "யாருட்டயும் மூச்சு விடாதீங்க."

மூன்றாம் நாள் வறண்ட கண்மாய்க்குப் போனார்கள். ஒற்றைப் பனைக்கு அடியில் மாரிக்கனி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாளி. மூவரும் கரைக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

"யார்லே சொன்னது?" என்றான் செல்லப்பாண்டி.

"நான் இல்ல" என்றான் மொக்கையன். வாளியைப் பார்த்தபடி, "சரி, நேரமாச்சு, வாரேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு நடந்தான்.

"சாப்புடு தாயி. வெயிலு தாழட்டும், அப்புறம் போகலாம்."

"அந்தம்மா பேச்சு தெனமும் ஒரு எழுத்து மாறல பாரு" என்று கிசுகிசுத்தான் அழகுராஜா. "முதுகும் காட்ட மாட்டேங்குது. எத்தன கல்யாணம் எடுத்துருக்கேன், பொண்ணு மாப்பிள்ளகூட இப்படி கேமராவுக்கு வாகா நின்னது இல்ல."

"பெத்த மனசுடா. வாய மூடு."

படத்துக்கு முடிவு இல்லை. அந்த மூன்று மத்தியானங்களையே முடிவாக வைத்தான். வைத்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. அழுகிறவளை ஒளிந்திருந்து எடுத்த பாவம்.

எந்தக் கம்பெனியும் படத்தைத் தொடவில்லை. டவுனில் ஒரு தியேட்டர்காரர் மட்டும், "பன்னெண்டு மணிக்கு ஏசி காத்துக்குத்தான் நாலு பேரு வாராக. ஓட்டிக்க" என்றார். முதல் நாள் நாலு பேர். அவர்கள் வெளியே வந்து வெயிலில் இறங்கப் பயந்து, ரெண்டு மணிவரை கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் செய்தி போதுமானதாக இருந்தது. மறுவாரம் பாலவனத்தத்திலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். பேயைப் பார்த்து அலறினவர்கள் கடைசி மூன்று மத்தியானத்தில் மூக்கைச் சிந்தினார்கள். மூன்றாம் வாரம் சென்னைத் தயாரிப்பாளர் போன் செய்து, தூக்குவாளியோடு வரும் அந்தம்மா எந்த நாடகக் குழு என்று கேட்டார். செல்லப்பாண்டி போனை அணைத்துவிட்டுப் பரளச்சி பஸ்ஸில் ஏறினான். ஏழாவது வீட்டு வாசலில் இந்தத் தடவை நின்றான்.

மாரிக்கனி சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு அவனோடு தியேட்டருக்கு வந்தாள். படம் முடியும்வரை அசையாமல் பார்த்தாள். விளக்கு எரிந்தது.

"அத்தை." கையைக் கூப்பினான். "அது சுகப்பிரியா இல்ல. மொக்கையன். ஒங்களுக்குத் தெரியாம ஒளிஞ்சிருந்து எடுத்துட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

மாரிக்கனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சுருக்குப்பையைத் திறந்து, மடிப்பு நைந்த கோடு போட்ட தாள்களை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஆறு தாள். சுகப்பிரியாவின் கையெழுத்து.

"படத்துல பேயோட ஆத்தா வேசம் எனக்குன்னு, மனப்பாடம் பண்ணச் சொல்லி அவதான் கிழிச்சுக் குடுத்தா மாப்ள; எப்பக் கூப்புடுவீகன்னு ரெண்டு வருசமா வச்சிருந்தேன், கூப்புடல, பச்சைச் சேலை வெளிய வந்துருச்சுன்னு கேள்விப்பட்டு நானே வந்துட்டேன். சோறு, கண்ணீரு, மூணாம் நாளு கண்மாயி, எல்லாம் அவ எழுதுனபடிதான் செஞ்சேன். அந்தப் பேயிக்கு மீசைன்னு மட்டுந்தான் இதுல எங்கயும் இல்ல."