கிளி விரட்டும் கையும் என் நீளம் தாண்டுதலும்

விளையாட்டு வீராங்கனையாக ஆசைப்படுகிறவர்கள், முதலில் குடும்பத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். நான் பூட்டவில்லை. அதனால்தான் இன்று பெரியகுளத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் பிளஸ் டூ படிக்கும்போது நீளம் தாண்டுதலில் பெரிய ஆள் (என்று நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்). மணற்குழிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கைதட்டுவார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஓடிப்போய்த் தாண்ட வேண்டும். எனக்குத் தட்டுகிறவர் ஸ்டெல்லா டீச்சர். அந்த நேரத்தில் மைதானத்தில் வேறு சத்தமே இருக்கக் கூடாது.

தேனியில் மாநிலப் போட்டிக்கான தேர்வு. அதில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அப்புறம் பயிற்சியாளர் வேலை என்று ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். விளைவு, கெங்குவார்பட்டியிலிருந்து என் சொந்தபந்தம் மொத்தமும் ஒரு குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. “நான் ஓடுறப்ப ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது” என்று மிரட்டி வைத்தேன்.

முதல் இரண்டு முறையும் கோட்டை மிதித்துத் தொலைத்தேன். மிச்சமிருந்தது கடைசி வாய்ப்பு. டீச்சர் தட்டத் தொடங்கினார். ஓடினேன். பாதி வழியில் வலப்பக்கமிருந்து இன்னொரு தட்டல். டீச்சரின் சத்தத்தையே அது அமுக்கிவிட்டது. மூளை யோசிப்பதற்குள் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அழகாகத்தான் தாண்டினேன். இறங்கிய இடம்தான் மணல் இல்லை, சிறப்பு விருந்தினரின் மேஜை. கோப்பைகள் உருண்டன. அவருக்கு வைத்திருந்த மாலை என் கழுத்தில் கிடந்தது (என் விளையாட்டு வாழ்க்கையில் விழுந்த ஒரே மாலை).

நடுவர்கள் நல்லவர்கள். இன்னொரு முறை தாண்டச் சொன்னார்கள். வீங்கிப்போன கணுக்கால் ஒப்புக்கொள்ளவில்லை.

“யாரு தட்டுனது?” என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“நாந்தேன் ஆத்தா” என்றார் அப்பா. அவர் மாந்தோப்புக் காவல்காரர். தட்டித் தட்டியே கிளிகளை விரட்டிப் பழகிய கை. “டீச்சரு ஒத்தையா நின்னு தட்டிக்கிட்டு இருந்தாக. நம்ம பிள்ளைக்கு நாம தட்டாட்டி நல்லாவா இருக்கும்? நீ சொன்னபடி வாயத் தொறக்கவே இல்லத்தா.”

பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பு முடிந்துபோனது. அவ்வளவுதான், கல்லூரியும் பயிற்சியாளர் வேலையும் போயே போய்விட்டன.

இன்றும் வீட்டில் யாராவது கைதட்டினால், “மெல்லத் தட்டுங்க, பிள்ள ஓடிரப் போறா” என்பார் அம்மா. எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். போன மாதம் என் மகள் கேக் வெட்டியபோதும் அதே கூத்து. வீடே தட்டியது. அந்தக் கிளி விரட்டும் கை மட்டும் கேட்கவில்லை. தேனியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை.

“நீங்களும் தட்டுங்கப்பா” என்றேன்.

“வேணாந்தா” என்றார். “நீ அங்கனயே நில்லு.”